சுகப்பிரசவம் என்றொரு சொல்: வடசென்னைப் பிள்ளைப்பேறு குறித்துச் சில குறிப்புகள்

1

ஆபரேஷன் இல்லாமல் நடக்கிற பிரசவத்துக்குத் தமிழில் 'சுகப்பிரசவம்' என்று பெயர். ராத்திரி முழுக்க வலியில் துடித்து, ஊசிமேல் ஊசி ஏற்றப்பட்டு, தையல் போடப்பட்டு, உட்காரக்கூட முடியாமல் வார்டுக்கு வந்து சேர்ந்தவளைப் பற்றியும் உறவுக்காரர்கள் 'சுகப்பிரசவம்தான், பொண்ணு பொறந்திருக்கு' என்றுதான் போனில் சொல்கிறார்கள். இந்தச் சுகம் யாருடையது? கத்தி படவில்லை, செலவு அதிகமில்லை, தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். ஆக, குடும்பத்துக்குச் சுகம், ஆஸ்பத்திரிக்கும் சுகம். பெற்றவள் என்ன பட்டாள் என்பதற்கு அந்தச் சொல்லில் இடமில்லை.

பழைய தமிழில் 'புனிறு' என்று ஒரு சொல் உண்டு. ஈன்று சில நாளே ஆன நிலை அது. தொல்காப்பியத்தின் உரியியல் அதற்கு அப்படித்தான் பொருள் சொல்கிறது. பேச்சு வழக்கில் 'பச்ச உடம்புக்காரி' என்கிறோம். இரண்டுமே பெற்றவளின் உடலிலிருந்து பிறந்த சொற்கள். சுகப்பிரசவமோ பதிவேட்டில் எழுதுவதற்கு வாகான சொல்லாக மாறிவிட்டது.

இப்போது மூன்றாவதாக ஒரு சொல்லாடல் வந்திருக்கிறது: 'அமைதியான, தன்னம்பிக்கையான பிரசவம்.' மூச்சுப் பயிற்சி, யோகா, பெரிய பந்தின்மேல் உட்கார்ந்து ஆடுவது, மெல்லிய இசை, கணவனோடு சேர்ந்து வகுப்பு. எல்லாம் சேர்ந்து ஒரு பேக்கேஜ். இதை நையாண்டி செய்வது நம் நோக்கமில்லை. மூச்சைக் கவனிப்பவளுக்கு வலியைத் தாங்குவது சற்றே எளிதாகிறது, என்ன நடக்கப் போகிறது என்று முன்பே தெரிந்தவளுக்குப் பயம் குறைகிறது. இவை உண்மைதான். பயந்த உடலில் சுரக்கும் அட்ரினலின் கருப்பையின் சுருக்கங்களைத் தளர்த்தி, பிரசவத்தைத் தாமதமாக்கக்கூடும் என்று உடலியலும் சொல்கிறது.

சிக்கல் இந்தச் சொல்லாடலின் அடியில் கிடக்கும் அனுமானத்தில் இருக்கிறது. அமைதி என்பது தனி ஒருத்தி தன் மனசுக்குள் பயிற்சியால் விளைவித்துக்கொள்ளும் சரக்கு என்று அது நம்புகிறது. அப்படியானால், கத்தியவள் சரியாகப் பயிற்சி எடுக்காதவள் என்று ஆகிவிடும். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. பிரசவத்தில் அமைதி என்பது ஓர் உறவின் விளைவு. யார் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் பேசுகிறார்கள், யாருக்குக் கோபப்பட அதிகாரம் இருக்கிறது, யாருடைய கடிகாரப்படி வேலை நடக்கிறது என்பவற்றால்தான் அது அமைகிறது அல்லது குலைகிறது. இதை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான வடசென்னையை முன்வைத்துப் பார்க்கலாம். துறைமுகமும் ஆலையும் மீனவக் குப்பமும் பிரசவ ஆஸ்பத்திரியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கிற பகுதி இது.

2

ஆஸ்பத்திரிக்கு முந்திய காலத்தைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்று பொற்காலக் கதை: பாட்டிமார் வீட்டிலேயே பத்துப் பிள்ளை பெற்றார்கள், மருத்துவச்சியின் கை தெய்வத்தின் கை. இன்னொன்று இருட்டுக் கதை: அழுக்குக் கை, துருப்பிடித்த கத்தி, மூடநம்பிக்கை. இரண்டாவது கதையை உலகெங்கும் பரப்பியவர்களில் காதரின் மேயோ முக்கியமானவர். 1927இல் வந்த அவருடைய 'மதர் இந்தியா' நாட்டுத் தாதியை ஏறக்குறைய ஒரு பூதமாகவே வரைந்தது. இந்தியர்களுக்குச் சுயாட்சிக்குத் தகுதி கிடையாது என்ற வாதத்துக்குப் பிரசவ அறை ஒரு சாட்சியாக்கப்பட்டது. தேசியவாதிகள் மேயோவைத் திட்டினார்கள். ஆனால் தாதியைப் பற்றிய அவருடைய சித்திரத்தில் அவர்களில் பலருக்கும் பெரிய மறுப்பு இருக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சாதிக்கு வந்து சேர்கிறோம்.

தமிழ்நாட்டில் மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். ஆண்கள் சவரமும் ரண வைத்தியமும் பார்த்தார்கள், பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். அச்சமூகத்துக்கு 'மருத்துவர்' என்ற பெயரே இருக்கிறது. இரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு என்று வகுத்த சமூகம், அந்தத் தீட்டைக் கையால் தொடும் வேலையை ஒரு சாதிக்கு ஒதுக்கியது. வலி எடுத்த ராத்திரியில் அவள் வேண்டும். பதினாறாம் நாள் தீட்டுக் கழித்த பிறகு அவள் வாசலுக்கு வெளியே. அவளுடைய அறிவு ஏட்டில் ஏறவில்லை. அதைத் 'தொழில்' என்று யாரும் மதிக்கவுமில்லை. பிறகு ஆங்கில மருத்துவம் வந்து அவளை அழுக்கு என்று சொன்னபோது, மேல்சாதி வீடுகள் அதை உடனே ஒப்புக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

பொற்காலக் கதையும் நிற்காது. குழந்தை குறுக்கே கிடந்தால், பெற்ற பிறகு உதிரம் நிற்காமல் போனால், ஜன்னி கண்டால், மருத்துவச்சியிடம் வழி கிடையாது. ஐரோப்பாவிலேயே வைத்தியரின் கழுவாத கைதான் பிரசவ ஜன்னியைப் பரப்புகிறது என்று வியன்னாவில் செம்மல்வைஸ் காட்டியது 1847இல்தான். அப்போதும் சக வைத்தியர்கள் அவரை நம்பவில்லை. பிரசவத்தைப் பெண்ணுக்கு 'மறுபிறப்பு' என்று சொல்வது வெறும் அலங்காரமில்லை. 'பெத்துப் பொழச்சி வா' என்று வாழ்த்தியவர்களுக்கு, பிழைக்காதவர்களையும் தெரியும். வளைகாப்புக்கும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதற்கும் பின்னால் இந்த அச்சம் இருக்கிறது.

அந்த அச்சத்துக்கு நம் மரபு கண்ட பதில் என்ன என்பதைத் திருச்சி மலைக்கோட்டைத் தலபுராணக் கதை சொல்கிறது. இரத்தினாவதி என்ற செட்டிப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கிறது. அம்மா வரவேண்டும். காவிரியில் வெள்ளம், அம்மா அக்கரையில் சிக்கிக்கொள்கிறாள். சிவன் அந்தத் தாயின் உருவிலேயே வந்து பிரசவம் பார்த்ததால் தாயுமானவர் ஆனார். பக்தியை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைப் படித்துப் பாருங்கள். கடவுள் நினைத்தால் வலியையே இல்லாமல் செய்திருக்கலாம், வெள்ளத்தை வற்றவைத்திருக்கலாம். கதை அப்படிப் போகவில்லை. அவர் அம்மாவாகத்தான் வரவேண்டியிருக்கிறது. வலியெடுத்தவளுக்குத் தேவை தெரிந்த முகம் என்பதில் இந்தக் கதையைக் கட்டியவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

பழைய முறை கொடுத்தது துணை. கொடுக்க முடியாதது உயிருக்கு உத்தரவாதம். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போகலாம்.

3

சென்னையில் பிரசவத்துக்கென்று அரசு மருத்துவமனை எழும்பூரில் 1844இல் தொடங்கப்பட்டது. ஆசியாவிலேயே இவ்வகையில் முதல் சிலவற்றில் ஒன்று. 1882இல் இன்றைய பாந்தியன் சாலைக் கட்டடத்துக்கு மாறியது. ஆண் வைத்தியரிடம் வர மறுத்த பெண்களுக்காக 1885இல் இன்னொரு மருத்துவமனை பிறந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த மேரி ஷார்லிப் அதன் பின்னணியில் இருந்தார். அதன் பெயரைக் கவனியுங்கள்: சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருக்கும் அதைச் சென்னைவாசிகள் இன்னமும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே சொல்கிறார்கள். நவீன மருத்துவம் சாதியைக் கரைத்துவிட்டு வரவில்லை. பெயர்ப்பலகையிலேயே அதற்கு இடம் ஒதுக்கிக்கொண்டுதான் வந்தது.

வடக்கே கதை கொஞ்சம் வேறு. ராயபுரத்தின் பெரிய ஆஸ்பத்திரியான ஸ்டான்லி, 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது. அதனால்தான் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர். பசியில் பிறந்த ஆஸ்பத்திரி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துபாஷும் வணிகருமான சவளை ராமசாமி முதலியாரின் கொடையில் ராயபுரத்தில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று எழுந்தது. இன்று ஆர்.எஸ்.ஆர்.எம். என்று மூன்று தலைமுறைப் பெண்கள் சொல்லும் அந்த மருத்துவமனை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. அதே வட்டாரத்தில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த டாக்டர் மட்டில்டா மக்ஃபெயிலின் முயற்சியில் 1914இல் ரெய்னி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1888இல் சென்னை வந்தவர் அவர். ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் வந்தது. பெரம்பூரில் பக்கிங்காம் மில் 1870களில் ஓடத் தொடங்கியது. ரயிலும் மில்லும் துறைமுகமும் சனத்தைக் கொண்டுவந்து குவித்தன. குவிந்த சனத்துக்குப் பிள்ளை பிறந்தது. ஆண்டைகளின் கொடையும் மிஷனின் கருணையும் அந்தப் பிரசவங்களுக்குக் கூரை போட்டன.

இடையில் மூன்றாவது வழி ஒன்றும் இருந்ததை மறந்துவிடுகிறோம். 1910களின் பிற்பாதியில் சென்னை மாநகராட்சி குழந்தை நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற மிட்வைஃப்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டு வீடுகளுக்கே போய்ப் பிரசவம் பார்த்தார்கள். 1926இல் சென்னை செவிலியர், மிட்வைஃப் சட்டம் வந்து அவர்களைப் பதிவுசெய்தது. வேகவைத்த கருவி, கழுவிய கை, ஆனால் அவளுடைய வீடு, அவளுடைய அம்மா பக்கத்தில். துணையையும் பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுக்கப் பார்த்த ஏற்பாடு இது. முழுமையாக வளர்ந்திருந்தால் நம் வரலாறு வேறாக இருந்திருக்கலாம். வளரவில்லை. பிரசவம் மெல்ல மெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனது. மருத்துவச்சி ஆயாவானாள், அல்லது காணாமல் போனாள்.

ஆஸ்பத்திரி உயிரைக் காத்தது. இதைக் குறைத்துச் சொல்வது அயோக்கியத்தனம். தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பிரசவங்களே மருத்துவமனைகளில் நடந்தன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 99.6 சதவீதம். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இறந்த தாய்மார் தமிழ்நாட்டில் 54 பேர். இந்தியச் சராசரி 97. பாட்டிகளின் காலத்தோடு ஒப்பிட்டால் இது மகத்தான சாதனை.

ஆனால் ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு ஒரு விதி இருந்தது. வலியோடு வந்தவள் உள்ளே, அம்மா வெளியே. உள்ளே போனவள் வளையலைக் கழற்றி, சேலையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, ஒரு நம்பராகக் கட்டிலில் ஏறினாள். வெளியே மரத்தடியில் பிளாஸ்கும் கூடையுமாக உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் செய்தி வரும்வரை ஒன்றும் தெரியாது. தாயுமானவர் கதையில் காவிரி செய்த வேலையை இங்கே வாட்ச்மேன் செய்தார்.

4

மருத்துவமனை எப்படி உடலை நோய்க்குறிகளின் தொகுப்பாகப் பார்க்கக் கற்றுக்கொண்டது என்பதை ஃபூக்கோ 1963இல் எழுதினார். அந்தப் 'பார்வை'க்குள் நோயாளி பேசுகிறவரல்ல, பார்க்கப்படுகிறவர். பிரசவத்தில் நோயே கிடையாது என்றாலும் அதே பார்வைதான். இதை ஆலையோடு சேர்த்துப் படித்தவர் மானிடவியலாளர் எமிலி மார்ட்டின். கருப்பை எந்திரம், பெண் தொழிலாளி, வைத்தியர் மேற்பார்வையாளர், குழந்தை உற்பத்திப் பொருள் என்ற உருவகத்தில்தான் நவீனப் பிரசவ மருத்துவம் யோசிக்கிறது என்று 1987இல் அவர் காட்டினார்.

வடசென்னைத் தமிழில் இதற்கு விளக்கமே வேண்டாம். இங்கே 'லேபர்' என்ற சொல் இரண்டு இடத்தில் புழங்குகிறது. புருஷன் லேபர், அவனுக்கு லேபர் யூனியன், வழக்கு என்றால் லேபர் கோர்ட். பெண்டாட்டி லேபர் வார்டு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல் என்பது தற்செயல் என்று ஒதுக்கலாம். இரண்டையும் ஒரே கடிகாரம் ஆண்டது என்பதை ஒதுக்க முடியாது.

1950களில் அமெரிக்க வைத்தியர் ஃப்ரீட்மன் பிரசவம் மணிக்கு மணி எப்படி முன்னேறுகிறது என்று ஒரு வளைகோடு வரைந்தார். அதிலிருந்து கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவேண்டும் என்று ஒரு விதி கிளைத்தது. 1953இல் ஆக்சிடோசின் ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. 1960களின் கடைசியில் டப்ளின் மகப்பேறு மருத்துவமனையில் ஓ'டிரிஸ்கால் இரண்டையும் இணைத்தார்: தலைப்பிரசவக்காரி யாரும் பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் வலியில் கிடக்கக் கூடாது, முன்னேற்றம் தாமதமானால் டிரிப்ஸ் ஏற்று. நல்ல நோக்கம்தான். டப்ளின் முறையில் இன்னொரு பாதியும் இருந்தது. ஒவ்வொரு பெண்ணோடும் ஒரு செவிலி பிரசவம் முடியும்வரை கூடவே இருக்கவேண்டும். உலகம் முழுவதும் பரவியது ஊசி. செவிலி பரவவில்லை. ஊசியைவிட ஆளுக்குச் செலவு அதிகம்.

2018இல் உலகச் சுகாதார நிறுவனம் 'மணிக்கு ஒரு சென்டிமீட்டர்' விதியை எல்லாருக்கும் பொருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. பல பெண்களின் உடல் இன்னும் மெதுவாகவே திறக்கும், அது கோளாறு அல்ல. அறுபது வருஷமாக எத்தனை பெண்கள் 'ஸ்லோ' என்று திட்டு வாங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சிசிலியா வான் ஹோலன் என்ற மானிடவியலாளர் 1995இல் நொச்சிக்குப்பத்திலும் கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் இதைப் பற்றி ஆய்வு செய்தார். அவை வடசென்னை அல்ல. ஆனால் அதே கடல், அதே மீனவ வாழ்வு, அதே அரசு ஆஸ்பத்திரி. 2003இல் நூலாக வந்த அந்த ஆய்வில் ஒரு விசித்திரம் பதிவாகியிருக்கிறது. மேனாட்டுப் பெண்கள் வலியைக் குறைக்கும் மருந்து கேட்டார்கள் என்றால், இங்கே பெண்கள் வலியைக் கூட்டும் ஊசியைக் கேட்டார்கள். வலி கூடினால் சக்தி கூடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சீக்கிரம் பெற்று, சீக்கிரம் அந்த இடத்தைவிட்டு வெளியேறுவதும் ஒரு காரணம். திட்டு, அடி, தொட்டதற்கெல்லாம் 'செலவுக்கு' என்று கேட்கப்படும் காசு, சம்மதம் கேட்காமலே பிரசவம் முடிந்த கையோடு பொருத்தப்பட்ட கருத்தடைச் சாதனம் ஆகியவற்றையும் அவர் பதிவுசெய்திருக்கிறார். ஊசியைக் கேட்டது அறியாமை இல்லை. தனியாக விடப்பட்டவளின் கணக்கு அது.

5

'பயமில்லாத பிரசவம்' என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அது பிறந்த இரண்டு இடங்களும் ராயபுரத்துக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

முதலாவது, லண்டன் துறைமுகத்தை ஒட்டிய கிழக்குப் பகுதி வைட்சேப்பல். முதல் உலகப்போருக்குச் சற்று முன், கிராண்ட்லி டிக்-ரீட் என்ற இளம் வைத்தியர் அங்கே ஒரு குடிசையில் பிரசவம் பார்க்கப் போனார். மயக்கமருந்தைக் கொடுத்தபோது அந்தப் பெண் வேண்டாம் என்றுவிட்டாள். வலிக்கவில்லையே என்று பிறகு காரணம் சொன்னாளாம். அதிலிருந்து, பயம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி மேலும் பயத்தைக் கூட்டுகிறது என்ற கோட்பாட்டை டிக்-ரீட் உருவாக்கினார். 1933இலும் 1942இலும் நூல்கள் வெளியிட்டார்.

கோட்பாடு சரி. அதிலிருந்து அவர் போன திசை சரியில்லை. 'நாகரிகம் அடையாத' பெண்கள் சிரமமில்லாமல் பெறுகிறார்கள், படித்த வர்க்கத்துப் பெண்கள்தான் பயந்து பிள்ளை பெறத் தயங்குகிறார்கள் என்பது அவர் கவலை. நல்ல குலத்தில் பிள்ளைகள் பெருகவேண்டும் என்ற இனவாத ஆசை அதில் ஒட்டியிருந்தது. நம் ஊரில் இதன் மறுபதிப்பு நமக்குத் தெரிந்ததுதான்: 'குப்பத்துப் பொம்பளைங்க ஈஸியா பெத்துப் போட்டுட்டுப் போய்டுவாங்க.' அவளுக்கு வலிக்காது என்று முடிவுகட்டிய பிறகு, அவள் கத்துவது நடிப்பாகிவிடுகிறது. கத்தினால் 'படுக்கும்போது தெரியலையா' என்று கேட்கலாம். வலியைத் தாங்கும் உழைக்கும் பெண்ணைப் புகழும் முற்போக்குக் கவிதைகளும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

இரண்டாவது இடம் பாரிஸ். உலோகத் தொழிலாளர் சங்கத்தின் மருத்துவமனையில் பிரசவப் பிரிவின் தலைவர் ஃபெர்னான் லமாஸ். 1951இல் அவர் சோவியத் நாட்டுக்குப் போனார். அங்கே பாவ்லவின் மறிவினைக் கொள்கையை வைத்து, பிரசவ வலி கற்பிக்கப்பட்ட ஒன்று, அதை வேறு பயிற்சியால் மாற்றலாம் என்று ஒரு முறை பரவிக்கொண்டிருந்தது. லமாஸ் அதைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். முன்கூட்டியே வகுப்புகள், உடலில் என்ன நடக்கும் என்ற விளக்கம், மூச்சு. இவற்றோடு முக்கியமான இன்னொன்று: வலி தொடங்கியதிலிருந்து கடைசிவரை கூடவே நிற்கும் பயிற்சி பெற்ற துணைப்பெண். இது பணக்காரர்களின் நாகரிகமாகத் தொடங்கவில்லை. லேத் பட்டறைக்காரனின் மனைவிக்குக் கிடைத்த தொழிற்சங்கச் சலுகை அது. கம்யூனிஸ்டுகளின் முறை என்ற சந்தேகம் தீர, 1956இல் போப் பன்னிரண்டாம் பயஸ் கத்தோலிக்கர்களுக்கு இதில் தடையில்லை என்று சொல்லவேண்டி வந்தது.

பிறகு அது அட்லாண்டிக்கைக் கடந்தது. பாரிஸில் இம்முறையில் பிள்ளை பெற்ற மார்ஜரி கார்மெல் என்ற அமெரிக்கப் பெண் 1959இல் தன் அனுபவத்தை எழுதினார். அடுத்த ஆண்டு சங்கம் ஒன்று உருவானது, வகுப்புகள் பெருகின. மூச்சுப் பயிற்சி போய்ச் சேர்ந்தது. சம்பளம் பெற்ற துணைப்பெண் போய்ச் சேரவில்லை. அவளுடைய இடத்தில் கணவன் நின்றான். தொழிற்சங்கம் கழன்றுகொண்டது, சோவியத் பெயர் மறைந்தது, மிஞ்சியது நடுத்தர வர்க்கத் தம்பதிகளுக்கான வகுப்பு. அந்த வடிவம்தான் பிறகு நம் நகரங்களின் தனியார் மருத்துவமனைகளுக்குப் பேக்கேஜாக வந்து இறங்கியது.

தொழிலாளர் மருத்துவமனையில் பிறந்த முறை, தொழிலாளர் பேட்டைக்கு மட்டும் வந்து சேரவில்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பகுதி இது. திரு.வி.க.வும் வாடியாவும் பேசிய மண், 1921இன் நீண்ட வேலைநிறுத்தம் நடந்த மண். பேறுகாலச் சலுகைக்கான சட்டங்கள் வந்தன: 1934இன் சென்னைச் சட்டம், 1948இன் ஈ.எஸ்.ஐ., 1961இன் மத்தியச் சட்டம், 2017இல் அதன் 26 வார விடுப்பு. இவை எல்லாம் பெரிதுதான். ஆனால் எல்லாமே கூலியையும் விடுப்பையும் பற்றியவை. லேபர் வார்டுக்குள் என்ன நடக்கிறது என்பது நம் தொழிற்சங்க வரலாறுகளில் ஒரு தலைப்பாகப் பெரும்பாலும் தென்படுவதில்லை. அது 'பொம்பளைங்க சமாச்சாரம்'. அந்தச் சட்டங்களும்கூட மாதச் சம்பளக்காரியைத்தான் தொடும். 2021 முதல் தமிழக அரசு ஊழியருக்கு 12 மாத விடுப்பு உண்டு. காசிமேட்டில் மீன் விற்பவளுக்குக் கூடையை இறக்கி வைத்த நாள்தான் விடுப்பு. 1987இல் 300 ரூபாயில் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டம் இன்று 18,000 ரூபாய் மதிப்புக்கு வளர்ந்திருப்பதுதான் அவளுக்கு ஆறுதல்.

6

2004இல் தமிழக அரசு ஒரு காரியம் செய்தது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண்ணுக்கு வேண்டிய பெண்துணை ஒருவர் உள்ளே இருக்கலாம் என்று அனுமதித்தது. பெரிய சத்தமில்லாமல் வந்த இந்த ஏற்பாடு, கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டது. நூற்றைம்பது ஆண்டுக் கால விதி ஒன்று எழுத்தளவிலாவது மாறியது.

இது மனிதாபிமானச் சலுகை மட்டும் இல்லை. 1980இல் குவாத்தமாலாவில் சோசா, கென்னல், கிளவுஸ் ஆகியோர் நடத்திய ஆய்வில், முன்பின் தெரியாத ஒரு சாதாரணப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினாலே, சிக்கலில்லாத பிரசவங்களின் நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. அதற்குப்பின் பல நாடுகளில், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தொடர்ந்து துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைவு, வலிமருந்தின் தேவை குறைவு, கசப்பான அனுபவம் குறைவு என்று தெரிந்தது. தாயுமானவர் கதையைக் கட்டியவர்களுக்கு இதற்குக் கணக்கெடுப்பு தேவைப்படவில்லை.

இருந்தும் தமிழ்நாட்டில் சிசேரியன் ஏறிக்கொண்டே போகிறது. 2015-16இல் 34.1 சதவீதமாக இருந்தது 2019-21இல் 44.9 சதவீதம். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. வேண்டிய இடத்தில் கத்தி உயிர் காக்கும், சந்தேகமில்லை. ஆனால் அமைதியான பிரசவத்துக்குப் பயிற்சி விற்கும் தனியார் துறையில்தான் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிக் கத்தி படுகிறது என்ற முரணை என்ன சொல்வது? அங்கே கடிகாரம் மட்டுமில்லை, பில்லும் சேர்ந்து ஓடுகிறது.

அனுமதி எழுத்தில் இருப்பதும் வார்டில் நடப்பதும் வேறு. ஒரே கூடத்தில் திரையில்லாமல் கட்டில்கள் கிடந்தால், அடுத்தவளின் மானத்தைக் காரணம் காட்டித் துணையை வெளியே நிறுத்துவார்கள். இரண்டு நர்ஸ் பத்துப் பேரைப் பார்த்தால் அவர்களுக்கும் வாய் தடிக்கத்தான் செய்யும். திட்டுகிற நர்ஸும் ஒரு தொழிலாளி, அவளுக்கும் ஷிஃப்ட் உண்டு, வீட்டில் பிள்ளை உண்டு. அவளை வில்லியாக்கி முடித்துக்கொள்வது எளிது. திரைக்கும் கட்டிலுக்கும் ஆளுக்கும் காசு ஒதுக்காத நிர்வாகம் அதில் தப்பித்துக்கொள்ளும்.

இன்னும் கொஞ்சம் வடக்கே போங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சு முட்டி, சனங்கள் வீட்டைவிட்டு இருட்டில் ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதம்தான் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தது. அந்தத் தெருக்களில் நிறைமாசக்காரிகளும் இருக்கத்தான் செய்வார்கள். ஆழ்ந்து மூச்சை உள்ளே இழு, மெல்ல வெளியே விடு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள், எந்தக் காற்றை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆகவே 'பிரசவத்துக்குத் தயாராவது' என்பதை இரண்டாகப் பிரித்துக் கேட்கலாம். அவள் தயாராவது ஒன்று. ஏழாம் மாசத்திலிருந்து தன் உடம்பில் என்ன நடக்கும், பொய்வலி எது மெய்வலி எது, பனிக்குடம் உடைந்தால் என்ன செய்வது, ஊசி எதற்கு, வேண்டாம் என்று எப்போது கேட்கலாம் என்பதெல்லாம் அவள் மொழியில், காசில்லாமல், ஆர்.எஸ்.ஆர்.எம். வரைக்கும் போகாமல் பக்கத்து மாநகராட்சிச் சுகாதார நிலையத்திலேயே அவளுக்குச் சொல்லப்படவேண்டும். அங்கன்வாடி மூலம் அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் வளையலோடும் சீர்த்தட்டோடும் இதற்கும் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இரண்டாவது, நாம் தயாராவது. திரை போட்ட கட்டில், கூட இருக்க அவளே தேர்ந்தெடுத்த ஆள், படுத்தேதான் கிடக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லாத வார்டு, கத்தினால் திட்டாத வாய், போதுமான நர்ஸுகள், சம்மதம் கேட்டபின் செய்யப்படும் எதுவும். இவை யோகா வகுப்பில் கிடைக்காது. கூலி உயர்வு கேட்பதைப்போல இவற்றையும் கேட்டு வாங்கத்தான் வேண்டும். அதற்கு லேபர் யூனியன் லேபர் வார்டின் வாசல்வரைக்காவது வரவேண்டியிருக்கும். பாரிஸில் ஒரு காலத்தில் வந்தது. இங்கே வரக்கூடாது என்று ஒன்றுமில்லை.

அப்படி நடந்தால், வலி இருந்தும் பயமில்லாமல் பெற்று எழுந்தவள் தன் பிரசவத்தைப் பற்றித் தானே சொல்லும் சொல்லாகச் சுகப்பிரசவம் மாறலாம். ஆபரேஷன் ஆனவளும் அதைச் சொல்லலாம். இப்போது அந்தச் சொல்லை அவளைப் பற்றி மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.